பிறந்த மண்ணும் பிறப்புப் பத்திரமும்

இப்பகுதியில் கதைகளை ஆராய்ந்திருக்கின்றனர். கவிதைகளை நிறுத்துப் பார்த்திருக்கின்றனர். நாடகங்களின் நலமும் தீங்கும் எடுத்துரைத்திருக்கின்றனர். நாமும் அவற்றைப் படித்துப் பயன் பெற்றவரே. ஆயினும், நம் வாழ்வை வேறெந்த நூலினும் மிகுதியாக ஆளுகின்ற ஒரு நூலை இதுகாறும் எவரும் ஈண்டு மதிப்பிட முன்வந்தாரில்லை. அந்நூல் மலேசியக் கூட்டரசின் அரசியலமைப்புச் சட்டம். அதிலும் குடியுரிமையைக் கூறும் மூன்றாம் பாகம். 14ஆம் விதி முதல் 31ஆம் விதி முடிய உள்ள பகுதி. அதனோடு ஒட்டி நிற்கும் இரண்டாம் அட்டவணை.

"சட்டப் புத்தகத்துக்கும் மதிப்புரையா?" என்று நகைப்போர் நகைக்கட்டும். கதை பிடிக்கவில்லையேல் மூடி வைத்துவிடலாம். இந்நூலை நாம் மூடி வைத்தாலும் அது நம்மை விடுவதில்லை. பிள்ளை பிறந்த மருத்துவமனையிலும், பள்ளிக்கூடத்து வாயிலிலும், வேலைக்கு மனுக் கொடுக்கும் இடத்திலும், வாக்குச் சாவடியிலும் அது திறந்தபடியே கிடக்கிறது. நம்மைப் படிக்கின்ற நூலை நாம் படிக்காதிருப்பது அறிவுடைமை ஆகுமா?

ஒரு நூலை மதிப்பிடுவோன் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு. அதன் சொல் எத்தகையது? எழுதினோர் யாவர், எந்நிலையில் எழுதினர்? அதில் வரும் மாந்தர் எவ்வாறு நடத்தப்பெறுகின்றனர்? படிப்பவனிடத்தில் அது எதனை வேண்டி நிற்கிறது? இந்நான்கையும் இவ்வத்தியாயத்தின்மேல் வைத்துப் பார்ப்போம்.

சொல்லின் கதை

ஆங்கிலத்தில் 'சிட்டிசன்' என்னும் சொல் நகரத்தைக் குறிக்கும் வேரிலே பிறந்தது. நகரத்தில் பங்குடையவன் எவனோ அவனே சிட்டிசன். மலாய் மொழியில் 'வார்காநெகாரா' என்பர். நாட்டின் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது அதன் கருத்து. நம்மவர் முன்னாளில் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் வழங்கியது 'பிரஜா உரிமை'. பிரஜை என்னும் வடசொல்லுக்கு மகவு என்றும் பொருளுண்டு. ஆளப்படுவோன் என்றும் பொருளுண்டு. அரசன் தந்தை, நாம் அவன் பிள்ளைகள். அவன் கொடுத்தால் உண்டு, கொடாவிட்டால் இல்லை என்னும் பழைய எண்ணம் அச்சொல்லுக்குள் ஒளிந்து கிடந்தது. அது வழக்கிழந்து 'குடியுரிமை' வந்தது நன்றே.

'குடி' பெருமையுள்ள சொல். குடும்பத்தையும் குலத்தையும் ஊர் மக்களையும் ஒருங்கே குறிப்பது. திருக்குறளின் 96ஆம் அதிகாரத்துக்குக் 'குடிமை' என்றே பெயர். அங்கே அது நற்குடிப் பிறப்பைக் குறிக்கும். ஆயினும் பிறப்பைத் தலைப்பாகக் கொண்ட அவ்வாசிரியர், அதற்கு அடையாளமாகக் காட்டுவது மனிதனின் நடத்தையையே. இஃது நம் மதிப்புரைக்கு மிக இன்றியமையாத குறிப்பு. பின்னர் இதனிடம் திரும்புவோம்.

இத்துணைச் சிறப்புள்ள சொல்லைத் தோட்டத்தில் உரக்கச் சொன்னால் எது நினைவுக்கு வருகிறது? கள்ளுக்கடையன்றோ! 'குடி' என்பதற்கு அந்த ஒரு பொருளைத் தவிர வேறு பொருளறியாமல் ஒரு தலைமுறை கழிந்தது. 'உரிமை' என்பதன் பொருளையும் அவ்வாறே தொலைத்தோம்.

எழுதிய கைகள்

இவ்வத்தியாயம் ஒரே நாளில் எழுதப்பட்டதன்று; எழுதியும் அடித்தும் திருத்தியும் வந்தது. 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியன் தோன்றியபோது வெள்ளையர் சர்க்கார் தாராளமான ஒரு திட்டத்தை நீட்டிற்று. இங்கே பிறந்து வாழ்வோரும், 1942 பிப்ரவரி 15க்கு முந்திய 15 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தோரும் குடிமக்களாகலாம் என்றது. மலாய் மக்கள் கொதித்தெழுந்தனர். தம் நாட்டில் தாமே சிறுபான்மையர் ஆகிவிடுவோமோ என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தைப் பொய்யென்று ஒதுக்குதல் முறையாகாது. அத்திட்டம் நடைமுறைக்கு வராமலே மறைந்தது. 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தபோது கதவு ஒடுங்கியது. மனுச் செய்வோரில், இங்கே பிறந்தவர் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டும், பிற நாட்டிற் பிறந்தவர் 20 ஆண்டுகளில் 15 ஆண்டும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றாயிற்று.

இன்றைய நூலுக்கு முதல் வரைவு தந்தோர் ஐவர். பிரிட்டனின் ரீட் பிரபு தலைவர். ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது உறுப்பினர். மலாயாவில் பிறந்தவர் ஒருவரும் அக்குழுவில் இல்லை. எனினும் அவர்கள் வரைந்ததை மலாயாவின் தலைவர்கள் கூடிப் பேசித் திருத்தியே ஏற்றனர். மலாய் மக்கள் விட்டுக்கொடுத்ததும் உண்டு. மற்றையோர் விட்டுக்கொடுத்ததும் உண்டு. அந்த உடன்பாட்டின் மையையே 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நூலாகக் கண்டோம்.

அந்த முதற் பதிப்பில் ஒரு வாக்கியம் இருந்தது. சுதந்திர நாளிலோ அதற்குப் பின்னரோ இக்கூட்டரசில் பிறப்போர் எல்லாரும் சட்டத்தின் இயக்கத்தாலேயே குடிமக்கள் என்பது அதன் கருத்து. யார் பிள்ளை என்று கேட்கவில்லை. எந்த மண்ணில் விழுந்தது என்று மட்டுமே கேட்டது. இவ்வத்தியாயத்தில் அதுபோற் கம்பீரமான வாக்கியம் வேறில்லை என்று துணிந்து கூறுவோம். அதன் ஆயுள் ஐந்தாண்டும் ஒரு மாதமும். 1962இல் திருத்தம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் பிறப்போர்க்கு மண் மட்டும் போதாது. பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கவேண்டும் என்றாயிற்று. ஒரே லயத்தில், ஒரே தாய் வயிற்றில், ஆகஸ்டில் பிறந்த மூத்தவன் நாட்டுக்கு உரியவன். அடுத்த ஆண்டு பிறந்த இளையவன், பெற்றோரிடம் தாள் இல்லாவிடின், கேள்விக்கு உரியவன்! திருத்தங்கள் நூலை எப்போதும் செம்மைப்படுத்துவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டு சொற்கள்

இனி நூலின் நடைக்கு வருவோம். மூன்றாம் பாகத்தின் அருமை தெரியவேண்டுமாயின், அதற்கு முன்னுள்ள அடிப்படை உரிமைகள் பற்றிய இரண்டாம் பாகத்தைக் கூர்ந்து படித்தல் வேண்டும். அங்கே இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று 'ஆள்', மற்றொன்று 'குடிமகன்'. விரைந்து படிப்போர்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அன்று, அன்று.

உயிரையும் உடல் விடுதலையும் காக்கும் 5ஆம் விதி 'எந்த ஆளும்' என்று பேசுகிறது. அடிமைத்தனத்தை விலக்கும் 6ஆம் விதியும் அவ்வாறே. சமயத்தைக் காக்கும் 11ஆம் விதியும் சொத்தைக் காக்கும் 13ஆம் விதியும் அவ்வாறே. ஆனால் 9ஆம் விதியைப் பாருங்கள். நாடு கடத்தப்படாதிருக்கும் உரிமை அங்கே குடிமகனுக்கு மட்டுமே உரியது. 10ஆம் விதியைப் பாருங்கள். பேசவும், கூடவும், சங்கம் அமைக்கவும் உரிமை, அதுவும் பார்லிமெண்டு விதிக்கும் வரம்புக்குள், குடிமகனுக்கே. 8ஆம் விதியின் முதற் கூறு எல்லா ஆட்களும் சட்டத்தின்முன் சமம் என்கிறது. மதம், இனம், பிறந்த இடம் முதலியன காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்னும் இரண்டாம் கூறோ குடிமகனையே காக்கிறது. ஒரு சொல் மாறுகிறது. ஒருவன் வாழ்வே மாறிவிடுகிறது. உயிரோடிருக்க மனிதனாயிருந்தாற் போதும். வாய் திறந்து பேசக் குடிமகனாயிருத்தல் வேண்டும்.

இதன் பொருளை நம் தோட்டங்களின் சரித்திரமே விளக்கும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்கள் மானத்தோடு வாழ வழி கேட்டனர். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கேட்டனர். கேட்டவற்றுள் இன்னொன்றும் இருந்தது. துரைமாரும் ஆசியச் சிப்பந்திகளும் எதிரில் வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பது அது. அவர்களுக்கு வழிகாட்டியாயிருந்த கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்து ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்திற் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பெற்றார். படை வந்தது, தொழிலாளர் சிலர் குண்டுக்கு இரையாயினர். நாதனும் அவரைக் கடத்தியவரும் ஒரே மன்னரின் பிரஜைகளே. ஆயினும் 'உன்னை இங்கிருந்து அனுப்ப முடியாது' என்று சொல்லும் ஒரு வாக்கியம் அன்று எந்நூலிலும் அவருக்கு இல்லை.

அச்சிப்பந்திகளுள் கிராணிமாரும் உண்டு என்பதை மறைப்பானேன்? தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நின்றது துரைக்கு மட்டுமன்று. நம்போன்ற பேனாக்காரருக்கும் இறங்கி நின்றான். நாம் கிராணி, நமக்கு முந்திய கிராணிமாரின் கணக்கையும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பேசாத கதைமாந்தன்

இவ்வத்தியாயத்துக்குக் கதாநாயகன் யார்? குழந்தை. 'பிறக்கும் நேரத்தில்' என்னும் தொடர் இரண்டாம் அட்டவணையில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்நேரத்தில் தந்தை யார், தாய் யார், அவர்களிடம் எந்த அட்டை இருந்தது, மணம் பதிவாகியிருந்ததா என்று எல்லாக் கேள்விகளும் எழுகின்றன. விடை கூறவேண்டியவர் பெற்றோர். விளைவைச் சுமக்க வேண்டியது பிள்ளை. கதை முழுதும் அதனைப் பற்றியே. அதன் வாயிலோ ஒரு சொல்லும் இல்லை. செய்யாத குற்றத்துக்கு ஒரு பாத்திரம் தண்டனை பெறும் நாடகத்தைப் பார்த்தால், ஆசிரியர் அறம் பிறழ்ந்தார் என்று இப்பகுதியில் எழுதமாட்டோமா? இந்நூலுக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

'தந்தை' என்னும் சொல் செய்த கொடுமையைக் கேளுங்கள். கூட்டரசுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தந்தை குடிமகனாயிருந்தால் சட்டத்தின் இயக்கத்தாலேயே குடியுரிமை உண்டு. தாய் குடிமகளாயிருந்தால் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். 2001இல் 8ஆம் விதியில் பால் வேற்றுமையும் கூடாது என்று சேர்த்தனர். முன் அறையில் விளக்கேற்றியவர் பின் அறையின் இருளை மறந்தார்! தாய்மார் வழக்காடினர். 2021இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதனை மாற்றியது. பின்னர் 2024 அக்டோபரில் மக்களவை ஒரு திருத்தத்தை நிறைவேற்றி, அவ்விடத்தில் 'தந்தை'யை எடுத்துப் 'பெற்றோருள் ஒருவர்' என்று வைக்க வகை செய்தது. தாயும் பெற்றவளே என்று ஒப்புக்கொள்ள 67 ஆண்டுகள் ஆயின. அதே திருத்தம் மற்றொரு கையால் ஒன்றைப் பறித்தது என்பதையும் சொல்லாதிருத்தல் ஆகாது. 1962 முதல் இருந்த 'நிரந்தரவாசி' என்னும் சொல்லை அது நீக்க முற்பட்டது. சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளைக்குப் பிறப்பாலேயே கிடைத்துவந்த உரிமை இனி மனுவின் கருணைக்குப் போகும். சிவப்பு அட்டையோடு மூப்படைந்தோர் நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் எத்தனை பேர் என்பதை வாசகர் நாம் சொல்லாமலே அறிவர்.

மற்றொரு முள் 17ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டப்படி மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தந்தை என்றும் பெற்றோர் என்றும் வரும் இடமெல்லாம் தாய் என்றே கொள்க என்கிறது அது. தாய் அயல் நாட்டவளாயிருந்தால், தந்தை நீல அட்டை வைத்திருந்தாலும் பிள்ளைக்கு அது உதவாது. 1982 மார்ச்சு முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைச் சட்டப்படி பதிதல் வேண்டும். கோயிலில் தாலி கட்டினாலும் சரி, புரோகிதரை விலக்கித் தலைவர் ஒருவர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் சரி, பதிவில்லையேல் சட்டத்தின் கண்ணுக்கு அது மணமன்று.

நமது தோட்டத்தில் நடந்ததைச் சொல்வோம். ஒருநாள் மாலை, செம்பனை வெட்டும் தொழிலாளி ஒருவர் பெண் குழந்தையைக் கையிற் பிடித்தபடி ஆபீசு வாசலில் நின்றார். "கிராணி ஐயா, பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனேன். பத்திரத்துல புக்கான் வார்காநெகாரான்னு போட்டிருக்காம். அப்படின்னா என்னங்க?" என்றார். குடிமகள் அல்லள் என்று அச்சிட்ட தாளை ஆறாண்டுகள் தகரப் பெட்டியிற் பத்திரமாக வைத்திருந்தார், பொருள் அறியாமல். தாய் வெளிநாட்டிலிருந்து வந்தவர். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார். தோட்டமே கூடி விருந்துண்டது. நாமும் உண்டோம். அதுமட்டுமோ! அன்று மொய்ப் பணம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று வரிசையாக, அடித்தல் திருத்தல் இன்றி நோட்டில் எழுதிய கை இந்தக் கைதான். மொய் எழுதத் தெரிந்த நமக்கு, "பதிவாளரிடம் போனீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பிறகு மணத்தைப் பதிந்தனர். ஆனால் 'பிறக்கும் நேரத்தில்' என்று சட்டம் பேசுகிறது. கடந்த நேரத்தை எந்தக் கிராணியும் திருத்தி எழுத முடியாது. 2021இல் கூட்டரசு நீதிமன்றமும், வெளிநாட்டிற் பிறந்து பின்னர்ப் பெற்றோர் மணந்த ஒரு பிள்ளையின் வழக்கில், எழுவரில் நால்வர் தீர்ப்பாக அப்பிள்ளைக்கு எதிராகவே முடிவு கூறியது. மூவர் மாறுபட்டனர் என்பது அறத்தின் குரல் முற்றும் அடங்கவில்லை என்பதற்கு அடையாளம். நம் தோட்டத்துப் பெண்ணுக்காக 15அ விதியின்கீழ் மனுப் போட்டிருக்கிறோம். தனிச் சூழ்நிலை என்று சர்க்கார் கருதினால் பிள்ளையைப் பதியலாம் என்கிறது அவ்விதி. எது தனிச் சூழ்நிலை என்று சொல்லவில்லை. பற்றாக்குறைக்கு, இப்பாகத்தின்கீழ் சர்க்கார் செய்யும் முடிவை எந்நீதிமன்றத்திலும் மேல்முறையிட இயலாது என்று அட்டவணையில் ஒரு வரி வேறு. நூலாசிரியர் தாம் சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டு, சொன்னதைக் கேள்வி கேட்கவும் கூடாது என்பாராயின் அந்நூல் அவ்விடத்திற் குறையுடைத்து. பெண் இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். மனு மேசையில் இருக்கிறது.

நூலின் நிறையையும் கூறுவதே நடுநிலை. கூட்டரசில் பிறந்து வேறெந்த நாட்டின் குடியுரிமையையும் பெறாத பிள்ளை இந்நாட்டுக்கே உரியது என்று அட்டவணையில் ஒரு கூறு உண்டு. யாரென்று தெரியாது கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தை, மறுப்புச் சான்று கிடைக்கும்வரை, கண்டெடுத்த இடத்தில் நிரந்தரமாக வாழும் தாய்க்குப் பிறந்ததாகவே கொள்ளப்படும் என்று மற்றொரு பிரிவும் உண்டு. 2021இல் கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவை எடுத்தாண்டு, கைவிடப்பட்ட ஒரு பிள்ளையைக் குடிமகன் என்றது. பெயரற்ற குழந்தைக்கும் ஒரு தாயை எண்ணிக் கொடுத்த கை, வறண்ட கை அன்று. இவ்வத்தியாயத்தின் இதயம் அவ்விடத்தில் துடிக்கிறது.

இரு மேடைகள்

நம்மிடையே இரண்டு மேடைகள் உள்ளன. ஒரு மேடை எல்லாப் பழியையும் சர்க்காரின் தலையில் வைக்கும். மற்றொரு மேடை எல்லாப் பழியையும் தொழிலாளியின் அறியாமையின்மேல் வைக்கும். இரண்டும் பாதி உண்மையே.

1957இல் கதவு திறந்தே இருந்தது. மண்ணில் பிறந்தோர் 16ஆம் விதியின்கீழ், முந்திய 7 ஆண்டுகளில் 5 ஆண்டு வாழ்ந்திருந்தால் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வுகூட இல்லை. ஓடிப் போய்ப் பதிந்தோர் ஏராளம். 'கப்பலேறிப் போய்விடுவோம், எதற்குத் தாள்?' என்று இருந்தோரும் ஏராளம். 1950இல் நடப்புக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 8ஆம் விதி, கடல் கடந்து வாழ்வோரும் தூதரகத்திற் பதிந்து இந்தியக் குடிமக்களாகலாம் என்று ஒரு வழி காட்டியது. இங்கொரு கால், அங்கொரு கால் என்று நின்றவர்க்கு இரண்டு கரையும் நழுவிற்று. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடிமக்கள் அல்லாதார் அனுமதிச் சீட்டின்றி வேலை பார்க்கலாகாது என்றபோது, ஆயுள் முழுதும் பால் வெட்டியவர்கள் பல்லாயிரவர் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். இலங்கையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டுத் தமிழர்க்குக் கதவையே சாத்தியது. இங்கே கதவு திறந்திருந்தது. திறந்திருக்கிறது என்று எடுத்துச் சொல்வோர் லயங்களுக்குப் போதிய அளவு போகவில்லை.

ஆகவே அறியாமை என்று தொழிலாளியைப் பழிப்போர், அவ்வறியாமையைக் காத்து வந்தவர் யார் என்றும் கேட்கவேண்டும். எழுத்தறிந்தவன் பக்கத்து வீட்டில் இருந்தான். ஆங்கிலம் படித்தவன் ஆபீசில் இருந்தான். கூட்டம் போட்டுக் கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை முழங்கினான். உலகம் போற்றும் பாட்டு அது, ஐயமில்லை. ஆனால் பதிவு முகப்பில் அப்பாட்டைச் சொல்லி நீல அட்டை பெற்றவர் இதுவரை ஒருவருமில்லை. பாட்டை ஓதியவன் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்திருந்தால், பூங்குன்றனார் மேலும் மகிழ்ந்திருப்பார்.

எழுதப்படாத அத்தியாயம்

குடியுரிமை என்னும் நம் சொல்லில் உரிமை உண்டு, கடமை எங்கே? நூலில் தேடினோம். உரிமைக்கு ஒரு பாகம் இருக்கிறது. குடிமகன் கடமைக்கென்று ஒரு பாகம் இல்லை. இந்தியா 1976இல் தன் அரசியலமைப்பில் கடமைகளைத் தனியே எழுதிச் சேர்த்தது. மலேசியா 1970இல் ருக்குன் நெகாரா என்னும் ஐந்து கோட்பாடுகளை வெளியிட்டது. அரசியலமைப்பின் உயர்வைப் போற்றுதல் அவற்றுள் ஒன்று. படியாத நூலைப் போற்றுவது எங்ஙனம்? புதிதாகக் குடிமகனாவோன் பிற நாட்டுப் பற்றை முற்றும் துறந்து இந்நாட்டுக்கு உண்மையாயிருப்பதாக உறுதி கூறவேண்டும் என்று முதல் அட்டவணை கேட்கிறது. பிறப்பால் குடிமகனானவன் அவ்வுறுதியை வாயாற் கூறுவதில்லை. வாழ்வாற் கூறவேண்டியவன் அவன்.

ஆகவே எழுதப்படாத அந்த அத்தியாயத்தை எழுதவேண்டியவர் நாமே. அதன் முதல் வரி மிக எளியது. பிள்ளை பிறந்தால் மேற்கு மலேசியாவில் 60 நாளுக்குள் பதிக. இரண்டாம் வரி: தாலியோ மாலையோ எதுவாயினும் பதிவாளர் முன்னிலையில் ஒப்பமிடுக. மூன்றாம் வரி: தாளில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று அன்றே படித்துப் பார்க்க, தெரியாவிடின் படித்தவரைக் கேட்க. நான்காம் வரி: மலாய் மொழியைப் பிள்ளையும் தாயும் கற்க, அது நாட்டின் மொழி, நம் மொழிக்குப் பகையன்று. ஐந்தாம் வரி: 2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமகனின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது, ஏறிய பெயரை வீட்டிலே தூங்கவிடாதிருக்க. ஆறாம் வரி எழுத்தறிந்தோர்க்கு உரியது: கேட்கும்வரை காத்திராதே, நீயே லயத்துக்குப் போ.

இவை சிறிய காரியங்களே. ஆயினும் 'குடிமை' பிறப்பில் தொடங்கி நடத்தையில் முடியும் என்று முன்னே கண்டோமன்றோ? அந்நடத்தை இத்தகைய சிறிய காரியங்களினாலேயே ஆனது.

நம் முடிவைத் தொகுத்துக் கூறுவோம். இவ்வத்தியாயம் பல இனத்தார் ஒரு நாட்டில் வாழ ஒப்பிய உடன்பாட்டின் எழுத்து. அதனை இகழ்வது தகாது. கைவிடப்பட்ட குழந்தைக்கு இரங்கிய அதன் நெஞ்சு பெரிது. ஆயினும் பெற்றோர் பிழையைப் பிள்ளைமேல் ஏற்றுவதும், எது தனிச் சூழ்நிலை என்று சொல்லாது விடுவதும், செய்த முடிவைக் கேள்விக்கு அப்பால் வைப்பதும் அதன் குறைகள். இக்குறைகளை அடுத்த பதிப்பில் நீக்குமாறு கேட்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை. நீங்கும்வரை, இருக்கும் பதிப்பினால் ஒரு பிள்ளையும் கெடாமற் காப்பது ஒவ்வொரு படித்தவனுக்கும் கடமை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நமது தோட்டத்து ஆபீசின் கதவு திறந்திருக்கும். மொய் எழுதிய அந்தப் பேனாவும் மேசைமேல் இருக்கும். வாசகத் தோழர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மேசையைப் போடுங்கள். தகரப் பெட்டிகள் திறக்கட்டும். தாள்கள் வெளியே வரட்டும்.